பெக்கோ ஹோஸுக்கு காத்துக் கொம்பிரசர் றோப் போடலாமா?

கேட்டவர் – வாழைச்சேனை
அண்ணன்மார், மண் தோண்டுற பெக்கோ மெசின்ல, ஓட்டுற சீற்றுக்கு ஒரு முழம் தள்ளி அரை இஞ்சி இரட்டைக் கம்பிவலை ஹைட்ரோலிக் ஒயில் ஹோஸ் ஒண்டு போகுது. ரிலீஃப் வால்வு (அழுத்தம் கூடினா திறக்கிறது) 200 பார். போன கிழமை ஃபெரூலை (ஹோஸ் முனையை ஃபிற்றிங்கோட இறுக்கிற இரும்பு வளையம்) விட்டு ஹோஸ் கழண்டு அடிச்சிட்டு. புதுசு போட்டு, காத்துக் கொம்பிரசர் ஹோஸுக்குப் போடுற கம்பி றோப்பால கட்டியிருக்கன். காணுமா?

பதில் – கல்முனை
காணாது தம்பி, கழட்டிருங்க. பூம் (பெக்கோவின்ட கை) ஆடுற ஒவ்வொரு தரமும் அந்தக் கம்பி ஹோஸின்ட மேல் றப்பரை அறுக்கும். றப்பர் கிழிஞ்சா நம்மட உப்புக் காத்துக்கு உள்ளுக்குள்ள கம்பிவலை கறள் புடிச்சு, ஹோஸே வெடிக்கும். ஹைட்ரோலிக்குக்கெண்டு வாற நைலோன் சுருக்குப் பட்டி, இல்லாட்டி ரெண்டு போல்ற் கொலர் (ஹோஸைக் கவ்வுற வளையம்) வாங்குங்க. ஹோஸின்ட வெளி விட்டத்தை வேணியரால அளந்து எடுங்க, அரை இஞ்சி எண்டு மட்டும் சொல்லி வாங்காதீங்க.

200 பாரில அரை இஞ்சி வாயைத் தள்ளுற விசை கிட்டத்தட்ட 250 கிலோ. அதால கேபிள் டை, கயிறு ஒண்டும் நிக்காது. கொலரை ஃபெரூலுக்குப் பின்னால ஹோஸில இறுக்கி, மற்ற முனையை மெசின் உடம்பில பூட்டுங்க, இரும்புக் குழாயில வேணாம். பட்டி தொய்ஞ்சிருந்தா ஹோஸ் வேகம் எடுத்துத்தான் இழுக்கும். அந்த உதறல்ல பட்டியே அறும். ஆனா ஹோஸுக்கு இளக்கம் வேணும்: அழுத்தம் ஏறினா மீற்றருக்கு 4 சென்ரிமீற்றர் வரை சுருங்கும். பூமை முழுக்கத் தூக்கி, முழுக்க இறக்கிப் பாருங்க.

பதில் – அக்கரைப்பற்று
பட்டி ஹோஸைத்தான் புடிக்கும், சூடான ஒயிலைப் புடிக்காது. சீற்றுப் பக்கம் முழுக்க, வெடிப்பு தாங்குற நெருக்கி நெய்த நைலோன் உறையும் போடுங்க.

கழண்டதுக்குக் காரணம் கிரிம்ப், அதாவது ஃபெரூலை அமத்தி இறுக்கின விதம். ஹோஸும் ஃபிற்றிங்கும் ஒரே கொம்பனியா? ஹோஸ் ஃபிற்றிங்கின்ட அடி வரை போனதா? அமத்தின பிறகு ஃபெரூல் விட்டம் கொம்பனி அட்டவணையோட சரியா? ஃபெரூல் ஓரத்தில ஹோஸைச் சுத்தி பெயின்ற் கோடு போடுங்க. கோட்டுக்கும் ஃபெரூலுக்கும் இடைவெளி தெரிஞ்சா அண்டைக்கே மெசினை நிப்பாட்டுங்க.

கேட்டவர்
புது ஃபிற்றிங்கில புகை மாதிரி ஈரம் தெரியுது நானா. விரலால தடவிப் பாக்கவா?

பதில் – அக்கரைப்பற்று
வேணாம்! கையைக் கொண்டு போகாதீங்க, காட்போட் மட்டையை நீட்டிப் பாருங்க. பக்கற்றை நிலத்தில வெச்சு, எஞ்சினை நிப்பாட்டி, லிவர் எல்லாத்தையும் நாலஞ்சு தரம் அசைச்சு அழுத்தத்தை இறக்கினதுக்குப் பிறகுதான் ஸ்பானரைப் புடிங்க. ஒயில் தோலுக்குள்ள பாய்ஞ்சா ஊசி குத்தின புள்ளிதான் தெரியும், முதல்ல நோகவும் மாட்டாது. நோவு வரட்டும் எண்டு நிக்காம உடனே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போய், "அழுத்தத்தில ஒயில் உள்ளுக்க போயிட்டு" எண்டு சொல்லுங்க. சத்திரசிகிச்சை பிந்தினா விரலையே எடுக்க வேண்டி வரும்.