ஆதிவாசி ஆஸ்பத்திரிக்குப் போன அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

தேவாலா ஜீப்காரன்:
நானே ஆரம்பிக்கிறேன். நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஜீப் ஓட்டுகிறேன். போன ஆடி மழையில் ஒரு ராத்திரி, எருமாடு தாண்டி உள்ளே பணியர் என்ற ஆதிவாசி சனத்தின் காலனி ஒன்றிலிருந்து போன். ஒன்பது வயசுப் பையன், முழங்காலும் விரல்களும் தொட விடாத வலி, அழக்கூடத் தெம்பில்லை. அவனை முன்னாடி இரண்டு தடவை வேறொரு ஆஸ்பத்திரிக்கு (பெயர் வேண்டாம்) நான்தான் கொண்டுபோயிருந்தேன். முதல் தடவை ரத்தம் கம்மி என்று இரும்புச்சத்து மாத்திரை, அடுத்த தடவை 'பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறான்'. இந்தத் தடவை வழியில் யானை நின்று முக்கால் மணி நேரம் போனதும் பொறுமை போய், நேராகக் கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரிக்கே விட்டேன்.

அங்கே நர்ஸ் பெண் பணிய மொழியிலேயே ஏதோ கேட்டாள். அதுவரை வாயே திறக்காத அவன் அம்மா கடகடவென்று கொட்ட ஆரம்பித்துவிட்டாள்! தங்கச்சிக்கும் இதே வலி வருமாம், அதை நாங்கள் யாரும் கேட்டதே இல்லை. கம்பளி போர்த்தி, டிரிப் போட்டு, வலிக்கு ஊசி கொடுத்து, ரத்தம் எடுத்தார்கள். சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய். சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து ரத்தக்குழாயை அடைக்கிறதாம், குளிர், காய்ச்சல், தண்ணீர் குடிக்காமல் இருப்பது எல்லாம் அதைக் கிளப்பிவிடும். எங்கள் ஊர் மழைக்கு வேறு என்ன வேண்டும்?

அய்யன்கொல்லி அக்கா:
தம்பி, இந்த ஆஸ்பத்திரி சும்மா வந்ததில்லை. 1987ல் தேவதாசன், ரூபா என்று டாக்டர் தம்பதி வந்தபோது கட்டடமெல்லாம் கிடையாது, ஊர் ஊராகப் போய் ஆதிவாசிப் பெண்களுக்கே வைத்தியப் பயிற்சி கொடுத்தார்கள், ஆஸ்பத்திரி 1990ல்தான். நீங்கள் பார்த்த மாதிரி நர்ஸ்கள் அந்தச் சனத்திலிருந்தே வந்தவர்கள். 1992ல் ஆதிவாசிகளுக்கு இன்சூரன்ஸ் வேறு கொண்டுவந்தார்கள், அப்போது எஸ்டேட்டில் நிரந்தர வேலையிலிருந்த எங்களுக்கே அந்தப் பேச்சு புதிது. எங்கள் லயத்துக்கு (எஸ்டேட் வரிசை வீடுகள்) பக்கத்துக் காலனியில் பிரசவம் என்றால் குடிசைக்குள்தான், ஆஸ்பத்திரி என்று சொன்னாலே காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். சுகாதாரப் பெண் மாசாமாசம் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்து, ஊசி போட்டு, வீட்டுக் கதையும் பேசிவிட்டுப் போவாள். அந்தக் கதைதான் வேலை செய்தது என்பேன்.

பத்தேரி ரோடு:
சிக்கிள் செல் ஆதிவாசிகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். வயநாட்டுச் செட்டிமாரிடமும் இருக்கிறது. என் நண்பன் கல்யாணத்துக்கு அப்புறம்தான் டெஸ்ட் எடுத்தான், இரண்டு பேருக்குமே பாதி அம்சம் இருந்தது, அதாவது தங்களுக்கு நோய் இல்லை, பிள்ளைக்குக் கடத்தலாம். டாக்டர் சொன்ன கணக்கு, ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு முழு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வரவில்லையே என்று அடுத்ததற்குக் கணக்குப் போட முடியாதாம். @ஜீப்காரன், பையன் இப்போது எப்படி?

தேவாலா ஜீப்காரன்:
வலி வருவதைக் குறைக்க ஹைட்ராக்சியூரியா என்ற கேப்ஸ்யூல் சாப்பிடுகிறான், அப்பப்போ ரத்தம் பார்க்கக் கூட்டிப்போக வேண்டும், அதற்கும் என் வண்டிதான். வலி முழுக்க நிற்கவில்லை, ஆனால் ராத்திரி போன் குறைந்துவிட்டது. தங்கச்சிக்கும் அதேதான் என்று டெஸ்டில் வந்திருக்கிறது. நேற்று இரண்டு பேரும் முன்சீட்டுக்குச் சண்டை.