பேஸ்மென்ட் நிலத்துக்கு வைனைல் பலகையா, மாபிளா? (ஸ்காபரோ, 1961 வீடு)

புதுவீட்டுக்காரன்
வணக்கம். போன மார்கழியில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பழைய பங்களோ வாங்கினோம். பேஸ்மென்டில், அதாவது நிலத்துக்குக் கீழே இருக்கிற தளத்தில், காபெட் கிடந்தது. போன கிழமை கிழித்து எடுத்தேன். அடியில் இருந்த ஃபோம் கறுத்துப்போய், தொட்டால் மாவாகக் கையில் ஒட்டியது. மணத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கொங்கிரீட் பார்வைக்குக் காய்ந்துதான் இருக்கிறது. தண்ணீர் நின்ற அடையாளமும் இல்லை. ஒரு மூலையில் மட்டும் உப்புப்போல வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

அம்மாவும் அப்பாவும் ஒக்டோபரில் வந்து அங்கேதான் இருக்கப்போகிறார்கள். 600 சதுர அடி. கடைக்காரர் "நூறு வீதம் வோட்டர்ப்ரூஃப்" என்று வைனைல் பலகையைக் காட்டுகிறார். மச்சான் மாபிள், அதாவது பீங்கான் தரை ஓடு, போடச் சொல்கிறார். எதைப் போடலாம்?

தச்சன்
தம்பி, 14 வருசமாக இதுதான் என் வேலை. வைனைல் போடு. இப்போது வருகிற பலகைகளின் நடுப்பகுதி சுண்ணாம்புக்கல் பொடியும் பிவிசியும் கலந்து செய்தது. தண்ணீரில் ஊறினாலும் உப்பாது. லமினேற் வேறு, அதன் உள்ளே அமுக்கிய மரத்தூள். அதை மட்டும் பேஸ்மென்டுக்குக் கொண்டுபோகாதே. வைனைலுக்குப் பசை வேண்டாம், கொளுவிக்கொண்டே போகலாம். தண்ணீர் வந்தால் கழற்றி, காயவைத்து, திரும்பப் பூட்டலாம். மாபிளை அப்படிக் கழற்றுவாயா?

நிலம் மட்டமாக இருக்கவேண்டும், அது மட்டும்தான் கரைச்சல். 10 அடிக்கு 3/16 அங்குலத்துக்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால் நடக்க நடக்கப் பொருத்து உடையும்.

எற்றோபிக்கோ அக்கா
தண்ணீரை மேலேயிருந்து ஊற்றினால் தச்சன் தம்பி சொல்வது சரி. பேஸ்மென்டுக்குத் தண்ணீர் அப்படியா வருகிறது?

2013 ஜூலை 8, ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் கொட்டிய நாள். ஒரு மாத மழைக்கும் மேல். எங்கள் பேஸ்மென்ட் வடிகால் வாயால் அன்றைக்கு வந்தது மழைத்தண்ணீர் இல்லை, ஊர்க் கழிவு. கணுக்கால் அளவுக்கு நின்றது. அப்போது எங்களிடம் லமினேற். விடிய இறங்கிப் பார்த்தால் ஓரமெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரிக் கிளம்பி நின்றது. அள்ளி வீதியில் போட்டுவிட்டு மாபிள் பதித்தோம்.

2024 ஜூலை 16 அன்று திரும்பவும் வந்தது, பியர்சனில் கிட்டத்தட்ட 98 மி.மீ. சுவரை இரண்டடி உயரத்துக்கு வெட்டி எறியவேண்டி வந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் நிலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சவர்க்காரமும் குளோரினும் போட்டு உரோஞ்சிக் கழுவினேன், அவ்வளவுதான். கழற்றித் திரும்பப் பூட்டலாம் என்கிறீர்களே, கழிவில் ஊறிய பலகையின் ஒவ்வொரு பொருத்தையும் யார் இருந்து பல்துலக்கியால் தேய்ப்பது?

தச்சன்
கழிவு வந்தால் பலகையை எறியத்தான் வேண்டும் அக்கா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் கணக்கிலேயே வெள்ளம் பதினொரு வருசத்துக்கு ஒருக்கா. குளிர் வருசத்தில் ஆறு மாதம். வயதான இரண்டு பேர் ஜனவரியில் அந்த மாபிளில் கால் வைக்கட்டும் பார்ப்போம். சூட்டுக் கம்பி போடலாம், ஆனால் அடியில் காப்பு இல்லாத பழைய கொங்கிரீட்டில் நேரே போட்டால் தம்பி மண்ணைச் சூடாக்கத்தான் காசு கட்டுவார். 1961 கொங்கிரீட்டில் வெடிப்பும் இல்லாமல் இராது. இடையில் பிரிப்புத் தகடு போடாமல் மாபிளை ஒட்டினால் அதே வெடிப்பு மாபிளிலும் வரும்.

எற்றோபிக்கோ அக்கா
ஊரில் சீமெந்து நிலத்தில் வெறுங்காலோடு திரிந்த சனம்தானே. ஒரு சோடி வீட்டுச் செருப்பு வாங்கிக் கொடுக்கட்டும்.

தச்சன்
யாழ்ப்பாணத்தில் வெளியே மைனஸ் 15 இல்லை அக்கா.

மிசிசாகா மணி
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், நான் மதுரைக்காரன். நீங்கள் இரண்டு பேரும் வெள்ளத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நண்பர் வெள்ளம் வந்ததாகச் சொல்லவே இல்லையே? தண்ணீர் நிற்காமலே அந்த ஃபோம் எப்படிக் கறுத்தது?

அந்தக் காலத்து வீடுகளில் கொங்கிரீட்டுக்கு அடியில் பெரும்பாலும் பாலிதீன் தாள் கிடையாது. மண்ணின் ஈரம் ஆவியாக மேலே வந்துகொண்டே இருக்கும். அந்த வெள்ளைப் பூப்பு, ஈரம் சுமந்து வந்த உப்பு. இது ஒரு வழி. இன்னொன்று காற்று. ஜூலையில் 28 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 22 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் வியர்க்கும். பேஸ்மென்ட் தரை கோடையிலும் அதைவிடக் குளிர்ச்சி. நம் ஊரில் வீடு ஈரமாக இருந்தால் சன்னலைத் திறந்து வைப்போம். நானும் இங்கே வந்த முதல் கோடையில் பேஸ்மென்ட் சன்னல்களைத் திறந்து வைத்து, ஈரத்தை விருந்துக்கு அழைத்தேன். செப்டம்பரில் பெட்டியைத் திறந்தால் மனைவியின் பட்டுப்புடவை மடிப்பெல்லாம் பச்சைப் பூஞ்சை. அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

எதையும் வாங்குவதற்கு முன்னால், ஒன்றரை அடிச் சதுரமாக பாலிதீன் துண்டுகள் வெட்டி, நாலைந்து இடத்தில் நாலு ஓரமும் டேப் அடித்து ஒட்டுங்கள். ஒரு நாள் விடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, கொங்கிரீட் கறுத்திருந்தாலோ ஈரம் தரையிலிருந்து வருகிறது. தாளின் மேலே துளி இருந்தால் காற்றிலிருந்து.

சும்மா இரு
இவ்வளவு யோசிப்பதைவிட எப்பொக்ஸி பெயின்ட் அடித்துவிட்டு இரண்டு கம்பளம் விரித்தால் முடிந்தது. நான் கராஜுக்கு அடித்து ஐந்து வருசம், ஒரு கீறல் இல்லை.

தச்சன்
கராஜ் வேறு, இது வேறு. உப்புப் பூக்கிற இடத்தில் அடித்தால் ஒரு மாரிக்குள் தோசை மாதிரி உரிந்து வரும். நானே சுரண்டி எடுத்திருக்கிறேன்.

புதுவீட்டுக்காரன்
நன்றி மணி அண்ணா, இன்றைக்கு ஒட்டுகிறேன். இன்னொரு கேள்வி. உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பின்னால் கறுப்புப் பசையோடு பழைய தரைத் தகடுகள் ஒட்டியிருக்கின்றன, 9 அங்குலச் சதுரம். இரண்டு உடைந்திருக்கிறது. சுரண்டி எடுத்துவிடட்டுமா?

தச்சன்
தொடாதே! 9 அங்குலம், அந்தக் காலம், கறுப்புப் பசை என்றால் அஸ்பெஸ்ரஸ் இருக்க நல்ல வாய்ப்பு. சுரண்டினால் தூசு சுவாசப்பைக்குள் போகும். உடைந்த துண்டை நனைத்துப் பையில் கட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பு. முழுசாக இருப்பதைக் கிளப்பாமல் மேலே மூடிவிடலாம். பார்த்தீர்களா அக்கா, அந்த அறையில் வைனைலை அப்படியே மேலே மிதக்கவிடலாம்.

எற்றோபிக்கோ அக்கா
தோய்க்கிற அறையில்தான் வடிகால் இருக்கும். தண்ணீர் முதலில் வருகிற இடத்தில் உங்கள் பலகையை மிதக்கவிடப்போகிறீர்கள். நல்லாய் மிதக்கும்.

மூன்றாம் தெரு
கால் குளிர்தான் பிரச்சினை என்றால் அடியில் குமிழ்ப் பிளாஸ்டிக் ஒட்டிய 2 அடிக்கு 2 அடி மரப்பலகைகள் இருக்கின்றனவே. கொங்கிரீட்டுக்கும் பலகைக்கும் இடையில் காற்று ஓடும், அதற்கு மேல் எதையும் போடலாம். எங்கள் வீட்டில் காலுக்குக் குளிரே தெரிவதில்லை.

மிசிசாகா மணி
ஆவிக்கு அது நல்ல ஏற்பாடு. வெள்ளம் வந்தால் அந்த மரம் ஊறி உப்பும், அக்காவின் லமினேட் கதைதான். அதோடு ஒரு அங்குலம் உயரம் போய்விடும். பின்னாளில் வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால், ஒன்ராறியோவில் இப்படிப் பழைய வீட்டுப் பேஸ்மென்டில் தனிக் குடியிருப்பு வைக்கக் கூரை உயரம் 1.95 மீட்டராவது வேண்டும். பழைய பங்களோவில் அந்த ஓர் அங்குலத்துக்கு விலை உண்டு. முதலில் நாடாவை எடுத்து அளந்து பாருங்கள்.

புதுவீட்டுக்காரன்
ஐந்து இடத்தில் ஒட்டினேன், ஒரு நாள் விட்டேன். நான்கு இடத்தில் தாளின் மேல் பக்கம் பொடிப்பொடியாக வியர்த்திருந்தது, விரலால் கோடு இழுக்கலாம். அடிப்பக்கம் காய்ந்து கிடந்தது. அந்த வெள்ளை மூலையில் மட்டும் தாளின் அடியில் துளி, கொங்கிரீட்டும் சதுரமாகக் கறுத்திருந்தது. வெளியே போய்ப் பார்த்தால் கூரைப் பீலியின் குழாய் சரியாக அந்த மூலையில், சுவரோடு ஒட்டி முடிகிறது! மழை முழுக்க அங்கேதான் கொட்டியிருக்கிறது. குழாயை இரண்டு மீற்றர் தள்ளி நீட்டிவிட்டேன். ஈரம் உறிஞ்சும் மெஷினை 50 வீத ஈரப்பதத்தில் வைத்தேன், முதல் நாளே இரண்டு தடவை வாளி நிறைந்தது. சன்னலை அம்மாவே வந்தாலும் திறக்க விடமாட்டேன். உயரம் 2.01 மீற்றர்.

இப்போதைய யோசனை: தோய்க்கிற அறையில் தகடு ஆய்வு முடிவு வந்தபிறகு மாபிள், படுக்கை அறையிலும் இருக்கிற அறையிலும் வைனைல்.

எற்றோபிக்கோ அக்கா
படுக்கை அறை வாசலில் வெள்ளம் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்குமா தம்பி? கழிவுக் குழாயில் பின்னோட்டத்தை மறிக்கிற வால்வ் போட்டாச்சா? நாங்கள் இரண்டாம் தடவைக்குப் பிறகுதான் போட்டோம், புத்தி வந்த நேரம் அது. ரொறன்ரோ நகரசபை மானியம் தருகிறது, விண்ணப்ப விதிகளை முதலே வாசியுங்கள். ஒன்று சொல்கிறேன், வால்வ் மூடியிருக்கிற நேரம் மேலே குளித்தால் அந்தத் தண்ணீர் உங்கள் பேஸ்மென்டுக்குள்தான் வரும். கழிவு பின்னால் வருவதற்குக் காப்புறுதியில் தனியாகக் காசு கட்டவேண்டும், சாதாரணக் காப்புறுதியில் அது இல்லை. அதையும் பாருங்கள். நான் இன்னும் முழுக்க மாபிள் என்றுதான் சொல்வேன்.

புதுவீட்டுக்காரன்
வால்வ் போடுகிறவர் அடுத்த வியாழன் வருகிறார் அக்கா. கொங்கிரீட்டை உடைக்கவேண்டுமாம்.

தச்சன்
அப்போ வியாழனுக்கு முதல் ஒரு பலகையும் ஓடர் பண்ணாதே தம்பி. உடைத்த இடத்துக்குப் போடுகிற புதுக் கொங்கிரீட் காய ஒரு மாதமாவது விடு. அதற்குப் பிறகு அதே இடத்தில் இன்னொரு தாள் ஒட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிடு. பலகைப் பெட்டிகளை, போடுவதற்கு இரண்டு நாள் முதலே கீழே இறக்கி வை.