ஹாலோ வாட்டர் வட்டமும் நம்ம ஊர்ப் பஞ்சாயத்தும் ஒன்றா?

சமூகப்பணி_மாணவி:
கனடாவில் வின்னிபெக் ஏரிக்குக் கிழக்கே ஹாலோ வாட்டர் என்று ஒரு அனிஷினாபே பழங்குடி ஊர். அங்கே பாலியல் வன்முறை நடந்தால் ஊரே வட்டமாக உட்கார்ந்து பேசி, பாதிக்கப்பட்டவரைத் தேற்றி, செய்தவனையும் திருத்துவார்களாம். வகுப்பில் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு ஞாபகம் வந்தது ‘அவனுக்கே கட்டிவைத்துவிடுங்கள்’ என்று சொல்லும் நம்ம ஊர்ப் பஞ்சாயத்துதான். என்ன வித்தியாசம்?

ஏரிக்கரை:
நிறையவே இருக்கிறது. 80களின் நடுவில் இதை ஆரம்பித்தவர்களில் பலர் சிறுவயதில் தாங்களே பாதிக்கப்பட்டவர்கள். 13 படிகள் வைத்திருந்தார்கள், வட்டமெல்லாம் பின்னால்தான் வரும். வாய் திறந்து சொன்ன பிள்ளையைப் பத்திரப்படுத்துவது முதல் வேலை, அப்புறம்தான் அந்த ஆளிடம் போவார்கள், போலீசுக்கும் சொல்லிவிடுவார்கள். கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் அவனுக்கு இந்த வழி. பிள்ளைக்குத் துணையாக ஒருவர், அவனுக்கு வேறொருவர், குடும்பங்களுக்கும் தனி ஆட்கள். என்ன தண்டனை என்று ஊரார் கூடிப் பேசுவதற்குத் தண்டனை வட்டம் என்று பெயர், 1993 டிசம்பரில் நடந்ததில் ஜட்ஜே வந்து உட்கார்ந்தார். இதில் வந்த 107 பேரில் இரண்டு பேர்தான் திரும்பவும் தப்பு செய்தார்கள் என்று 2001இல் ஒரு ஆய்வு வந்தது.

கள்ளிப்பூ:
107, 2 இரண்டுமே செய்தவர்களின் கணக்கு, கவனித்தீர்களா? அந்தப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்பதற்கு இப்படி ஒரு எண்ணை யாரும் சொல்வதில்லை. எம்மா லாரோக் என்ற மேட்டி பழங்குடிப் பேராசிரியர் 90களிலேயே ஹாலோ வாட்டரை வைத்து இதைத்தான் கேட்டார், பண்பாட்டின் பேரால் குற்றவாளிக்குத்தானே சலுகை என்று. சின்ன ஊர் வேறு. கடைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அவன் முகத்தில்தான் முழிக்கணும். பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து ‘மன்னித்துவிடும்மா’ என்றால் அந்தப் பொண்ணு மாட்டேன் என்று சொல்லிவிடுவாளா?

அரூர்க்காரன்:
எங்கள் பக்கத்து வாச்சாத்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1992 ஜூன் 20, வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து ஊரையே சூறையாடின நாள், 18 பெண்களைச் சீரழித்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கம் கூடவே நின்றது, பெண்கள் பின்வாங்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களில் 2011இல் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி கோர்ட் சொன்னது, 2023இல் ஹைகோர்ட்டும் அதை உறுதி செய்து அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. ஆனால் அங்கே வந்தவன் யூனிஃபார்ம் போட்ட வெளியாள். செய்தது சொந்தச் சித்தப்பா என்றால் அதே ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும். ஹாலோ வாட்டர்க்காரர்கள் கையிலெடுத்தது இந்தக் கஷ்டமான ரகத்தை, அதற்காகவே அவர்களை மதிக்கிறேன்.

தங்கச்சி, இங்கே களத்துக்குப் போனால் ஒன்று: 18 வயதுக்குள் என்றால் தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பதே போக்சோவில் குற்றம், அதனால் வட்டம் கிட்டம் எதுவும் வழக்குக்குப் பதிலாக வராது. எந்த ஆஸ்பத்திரியும், தனியார் உட்பட, இலவசமாகச் சிகிச்சை தரணும், போலீசுக்குச் சொல்வதும் அவர்கள் பொறுப்பு. ஊர் செய்ய வேண்டியது, ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூடப் போக ஒரு பெண்ணை ஏற்பாடு செய்வது, அன்றைக்குப் போன கூலியை ஈடுகட்டுவது. பஸ் காசுக்கு வழியில்லாமலும் வழக்கு பாதியில் நின்றுவிடலாம்.

சமூகப்பணி_மாணவி:
நன்றி அண்ணா. கூலியை யார் கொடுப்பது, சங்கமா ஊர்ப்பணமா?

அரூர்க்காரன்:
சங்கம் கொடுக்கட்டும். ஊர்ப்பணம் என்றால் சித்தப்பாவும் அதில் வரி கட்டியிருப்பார்.