மாடிக் குளியலறையில் தண்ணீர் வேகமில்லை: தொட்டியை உயர்த்துவதா, பம்ப் வைப்பதா?

மொட்டைமாடி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஈரோட்டில் 14 ஆண்டுகளுக்கு முன் கட்டிய எங்கள் மாடி வீட்டில், மேல்தளக் குளியலறை ஷவரில் தண்ணீர் நூல் போலத்தான் விழுகிறது. தனிக் குழாய் செல்லும் கீழ்த்தளத்தில் எந்தக் குறையும் இல்லை. 1,000 லிட்டர் தொட்டி, மொட்டைமாடியில் இரண்டடி உயர மேடையில் இருக்கிறது. அதிலிருந்து அரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் சுமார் 12 மீட்டர் ஓடி மேல்தளக் குளியலறைக்கு வருகிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் என்பதால் உப்பு அதிகம்.

பிளம்பர் பிரஷர் பம்ப் வைக்கச் சொல்கிறார். கொத்தனார் மேடையை ஐந்தடிக்கு உயர்த்தச் சொல்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவரோ, 2,000 லிட்டர் தொட்டி வாங்கினால் எடையே தண்ணீரைத் தள்ளிவிடும் என்கிறார். இயந்திரவியல் படித்துவிட்டு மென்பொருள் வேலையில் இருக்கும் எனக்கு, இவற்றில் எது சரி என்று கணக்கிட்டுச் சொல்லத் தெரியாதது கூச்சமாக இருக்கிறது. ஓடும் நீரின் அழுத்தம், வேகம், உயரம் மூன்றையும் இணைக்கும் பெர்னோலி சமன்பாடு இன்னும் மனப்பாடமாக இருக்கிறது; அதை எங்கே வைத்துத் தொடங்குவது என்பதுதான் விளங்கவில்லை.

குழாயடி:

குடிநீர்த் திட்டப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் பெரியவரின் யோசனையைத் தள்ளிவிடலாம். குழாயில் கிடைக்கும் அழுத்தம் நீர்மட்டத்தின் உயரத்தை மட்டுமே பொறுத்தது. தொட்டியின் கொள்ளளவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பிளெமிஷ் கணித அறிஞர் சைமன் ஸ்டெவின் 1586-லேயே விளக்கிவிட்ட இந்த உண்மை, நம் ஊரில் தொட்டி வாங்கும் நேரத்தில் மட்டும் எல்லோருக்கும் மறந்துவிடுகிறது.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். பத்து மீட்டர் உயர நீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். ஷவர் தரையிலிருந்து 2.1 மீட்டரிலும், கூரையின் அடிப்பகுதி 3 மீட்டரிலும் இருப்பதாகக் கொண்டால், கூரையின் கனத்தையும் சேர்த்து ஷவரிலிருந்து மொட்டைமாடித் தரை வரை ஒரு மீட்டர், மேடை 0.6 மீட்டர், தொட்டி நிறைந்திருந்தால் நீர் 1.2 மீட்டர். ஆக மொத்தம் 2.8 மீட்டர், அதாவது 0.28 பார். தொட்டி காலியாகும் தறுவாயில் இது 0.16 ஆகிவிடும். அதிகமில்லைதான், ஆனால் நூல் போல விழுவதற்கு இது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

மேடையை மூன்றடி கூட்டினால் 2.8 மீட்டர் 3.7 ஆகும். நீரோட்டம் ஏறக்குறைய உயரத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், கிடைக்கும் ஆதாயம் 15 சதவீதம்தான். உராய்வின் கதையே வேறு: அதே அளவு நீர் ஓடும்போது உராய்வு இழப்பு, அதாவது குழாய்ச் சுவரில் உரசுவதால் வீணாகும் உயரம், குழாயின் உள்விட்டத்தினுடைய ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 15 மி.மீ. குழாயில் சுற்றிலும் ஒன்றரை மி.மீ. உப்பு படிந்து உள்விட்டம் 12 ஆகிவிட்டால், இழப்பு மூன்று மடங்காகிவிடும். எனவே பணம் செலவழிக்கும் முன், 15 லிட்டர் வாளியையும் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு, தொட்டி நிறைந்திருக்கும்போது மூன்று அளவுகளை எடுங்கள்: ஷவரில் ஒன்று, ஷவர் தலையைக் கழற்றிவிட்டு ஒன்று, அதே குளியலறையில் கீழே உள்ள வாளிக் குழாயில் ஒன்று.

செங்கல்சூளை:

நான் கட்டடப் பொறியாளன். மேடையை உயர்த்துவதில் 15 சதவீத ஆதாயம் போதும் என்று முடிவு செய்தாலும், எங்கே உயர்த்துகிறீர்கள் என்பதைப் பாருங்கள். நிறைந்த தொட்டியின் எடை ஒரு டன்னுக்கு மேல். அது நிற்கும் வட்டம் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரவிதி சொல்லும் நேரடிச் சுமை (ஆட்கள், பொருட்களால் வருவது) சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. ஆகவே உத்தரத்தின் மீதோ சுவரின் மீதோ சுமை இறங்கும்படி மேடையை அமைக்காமல், இடம் காலியாக இருக்கிறதே என்று கூரையின் நடுவில் செங்கல்லை அடுக்கி ஏற்றுவது தவறு.

மொட்டைமாடி:

இருவருக்கும் நன்றி. ஞாயிறு காலையில் அளந்தேன். வாளி நிறைய ஷவரில் 5 நிமிடம், ஷவர் தலை இல்லாமல் 4 நிமிடம், 75 செ.மீ. உயரத்திலுள்ள வாளிக் குழாயில் 3 நிமிடம் 20 வினாடி ஆனது.

ஷவர் தலையைக் குற்றம் சொல்ல முடியாது என்பது முதலில் புரிந்தது. பிறகு வாளிக் குழாயை எடுத்துக்கொண்டேன். அங்கே 4.15 மீட்டர் உயரம் இருந்தும் நிமிடத்துக்கு நாலரை லிட்டர்தான் வருகிறது. சுத்தமான 15 மி.மீ. குழாயில் இந்த ஓட்டத்துக்கு 12 மீட்டர் நீளத்தில் உராய்வு இழப்பு எவ்வளவு என்று டார்சி-வைஸ்பாக் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால், கால் மீட்டர் அளவுதான் வருகிறது. வளைவுகளுக்கும் குழாய் வாய்க்கும் தாராளமாக ஒதுக்கினாலும் மூன்று மீட்டருக்கு மேல் கணக்கில் வராமல் நின்றது. இவ்வளவு உயரத்தைக் குழாய் முழுவதும் சேர்ந்து விழுங்குவதைவிட, ஏதோ ஓர் இடத்தில் அடைப்பு இருப்பதுதான் பொருத்தமாகப் பட்டது.

தொட்டியின் அடியிலிருந்த கேட் வால்வைப் பிளம்பரை அழைத்துக் கழற்றினோம். கைப்பிடி முழுவதும் திறந்த நிலையில் சுழன்றாலும், உள்ளே தகடு பாதியிலேயே நின்றிருந்தது. மீதி வாயின் பெரும்பகுதியை உப்பு அடைத்திருந்தது. அதை எடுத்துவிட்டு, உள்ளே துளையிட்ட உருண்டை சுழன்று திறக்கும் பால் (ball) வால்வு பொருத்தியபின், அதே வாளி கீழ்க்குழாயில் 1 நிமிடம் 20 வினாடியில் நிறைகிறது. ஷவரில் 2 நிமிடம் 10 வினாடி.

பம்ப் வாங்கியிருந்தால், அந்த அடைப்பின் வழியாகவே நீரை இழுத்துக்கொண்டிருந்திருப்பேன். பெரியவரிடம் மட்டும் 2,000 லிட்டர் விஷயத்தை விளக்க முடியவில்லை. உங்கள் வீட்டில் வால்வுதான் கெட்டது, என் கருத்து கெடவில்லை என்கிறார்.

குழாயடி:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். இப்போது ஓட்டம் நிமிடத்துக்கு 11 லிட்டரைத் தாண்டிவிட்டதால், உராய்வு இழப்பும் 12 மீட்டர் நீளத்தில் 1.3 மீட்டர் அளவுக்கு உயர்ந்திருக்கும். அந்தப் பழைய ஜி.ஐ. குழாயை என்றாவது மாற்ற நேர்ந்தால், முக்கால் அங்குலமாகப் போடுங்கள். அதே ஓட்டத்துக்கு இழப்பு ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிவிடும். அதற்காக இப்போதே சுவரை உடைக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே வாளியை அதே கீழ்க்குழாயில், தொட்டி நிறைந்திருக்கும்போது வைத்து நேரத்தைக் குறித்து வாருங்கள். 1 நிமிடம் 20 வினாடி இரண்டு நிமிடத்தை நெருங்கும்போது குழாயைப் பற்றி மறுபடியும் பேசுவோம்.