அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து 10 வாரம் ஆச்சு, பிசியோ சரியாதான் போகுதா?

கேட்டவர்: காவிரிக்கரை
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 64 வயசு, ஸ்ட்ரோக் வந்து இடது கை கால் விழுந்துடுச்சு. பேச்சு தெளிவா இருக்கு. பிசியோ வீட்டுக்கே வர்றார், தடவைக்கு 500 ரூபா, அரை மணி நேரம் கையையும் காலையும் தூக்கி மடக்கி விட்டுட்டு ஒரு பந்தைக் குடுத்து பிசையச் சொல்லிட்டு போயிடுவார். கால் பரவால்ல, பிடிச்சுக்கிட்டா பாத்ரூம் வரைக்கும் நடக்குறார். கைதான் கவலையா இருக்கு, விரல்லாம் உள்ள மடங்கி இறுகிக்கிட்டே வருது, தோள்பட்டை வலியில ராத்திரி தூக்கமே இல்ல. இதுல எங்க அத்தை வேற புறா ரத்தம் தேய்க்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. ஆளும் ரொம்ப பிடிவாதம் ஆயிட்டார், தட்டுல பொரியல் இருக்கும்போதே பொரியல் வெக்கலன்னு அம்மாகிட்ட கத்துறார், நடக்கும்போது பார்க்காம இடது பக்கம் நிலையில போய் இடிச்சுக்குறார். பிசியோவை மாத்திடலாமா?

பதில்: மீனாட்சி_மக
எங்க மாமியாருக்கும் இதே தோள் வலி இருந்துச்சு. கடைசில பார்த்தா காரணம் நாங்கதான், கட்டில்லேர்ந்து எழுப்பும்போது விழுந்த கையையே பிடிச்சு இழுத்துட்டு இருந்தோம். இப்ப இடுப்புல பெல்ட் போட்டு அதைப் பிடிச்சுதான் தூக்குறோம். புறா பாவம் விட்ருங்க.

பதில்: நியூரோ_பிசியோ
நான் பிசியோ, 11 வருஷமா ஸ்ட்ரோக் பேஷன்ட்ஸ் தான் பார்க்குறேன். ஒண்ணு கேக்குறேன், அந்த பொரியல் தட்டுல எந்தப் பக்கம் இருந்துச்சு? இடது பக்கம்னா அது பிடிவாதமே இல்லங்க. மூளையோட வலது பக்கம் அடி வாங்குனா சிலருக்கு இடது பக்க உலகமே கணக்குல வராது, இதுக்கு நெக்லெக்ட்னு பேர். கண்ணு நல்லா தெரியும், ஆனா மூளை அந்தப் பக்கம் திரும்பாது. பார்வையே பாதி போற கேஸும் இருக்கு, அவங்க பெரும்பாலும் தெரியாத பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்து சமாளிச்சுக்குவாங்க, நெக்லெக்ட் இருக்கறவருக்கு குறை இருக்கறதே தெரியாது. வெள்ளைத் தாள்ல 20 செமீ கோடு போட்டு அவர் முன்னாடி நேரா வெச்சு நடுவுல குறி போடச் சொல்லுங்க, எங்க போடுறார்னு பாருங்க. இது ஒண்ணை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது, ஆனா டாக்டர்கிட்ட காட்ட உதவும்.

தோளுக்கு வர்றேன். தசை தளர்ந்து கிடக்கும்போது கையோட எடையே எலும்பை குழியிலேர்ந்து கீழ இழுத்துடும், தோள் எலும்புக்குக் கீழ விரல் வெச்சா ஒரு பள்ளம் தட்டும். அந்த நிலைமையில கையைப் பிடிச்சு தலைக்கு மேல தூக்குனா வலி கூடத்தான் செய்யும், கப்பி கயிறு மாட்டி இழுக்குறதும் வேண்டாம். உக்காரும்போது கைக்கு அடியில தலகாணி வைங்க.

மாத்துறதுக்கு முன்னாடி அந்த பிசியோகிட்ட ஒரே கேள்வி கேளுங்க, முதல் நாள் என்னென்ன அளந்தீங்கன்னு. இறுக்கத்துக்கு ஆஷ்வொர்த்னு ஒரு அளவுகோல் 0லேர்ந்து 4 வரைக்கும், பேலன்ஸுக்கு பெர்க்னு ஒரு டெஸ்ட் 56 மார்க்குக்கு, நாற்காலிலேர்ந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உக்கார எத்தனை செகண்ட், இப்படி ஏதாவது ஒரு நம்பர் நோட்ல இருக்கணும். அது இல்லாம தினமும் மடக்கி நீட்டிக்கிட்டே இருந்தா முன்னேறுதா இல்லையான்னு அவருக்கே எப்படித் தெரியும்? அதோட அவர் தூக்கி விடுறது மூட்டு இறுகாம இருக்கத்தான், மூளை கத்துக்கணும்னா அப்பா தானா முயற்சி பண்ணணும், திரும்பத் திரும்ப, டம்ளர் எடுக்குற மாதிரி நிஜ வேலையா.

பதில்: சேலத்து_மாம்பழம்
பந்து பிசையறதுல என்ன தப்பு? எங்க மாமாவுக்கு அதுலதான் கை வந்துச்சு.

பதில்: நியூரோ_பிசியோ
உங்க மாமாவுக்கு இறுக்கம் இல்லாம வெறும் பலவீனம் மட்டும் இருந்திருக்கும் சார், அப்ப ஓகே. இவருக்கு விரல் ஏற்கனவே உள்ள மடங்குது, மடக்குற தசைக்கே இன்னும் வேலை குடுப்பானேன்? நீட்டுறதுதான் இவருக்கு வரணும். நாளைக்கு யாராவது கண்ணாடி தெரபி, அதாவது நல்ல கை அசையறதைக் கண்ணாடியில பார்த்து விழுந்த கையே அசையற மாதிரி மூளைக்குக் காட்டுறது, சொல்லலாம், நல்ல விஷயம்தான் (நம்ம சென்னை ஸ்டான்லில படிச்ச டாக்டர் வி.எஸ்.ராமச்சந்திரன் கொண்டு வந்தது, முதல்ல கை இழந்தவங்களோட வலிக்கு), ஆனா அதையும் ஆளைப் பார்த்துட்டுதான் ஆரம்பிக்கணும். 500 ரூபா கஷ்டமா இருந்தா அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோ பண்றாங்க, உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

பதில்: காவிரிக்கரை
கோடு போட்டுப் பார்த்தேங்க. நடுவுல போடச் சொன்னா வலது ஓரத்துக்கு கிட்டப் போய் போட்டுட்டு சரியா போட்டுட்டேன்ல அப்படின்னு கேக்குறார். மதியம் அவர் சாப்பிட்டு முடிச்சதும் ஒண்ணும் சொல்லாம தட்டை அப்படியே திருப்பி வெச்சேன், இப்பதான் பொரியல் வெக்கிறியான்னாரு. ரெண்டு மாசமா அந்த மனுஷன்கிட்ட சண்டை போட்டுட்டு இருந்திருக்கோம்.

பதில்: நியூரோ_பிசியோ
அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுடாதீங்க, தேதி எழுதி வெச்சு நியூரோ டாக்டர்கிட்ட காட்டுங்க. தட்டோட இடது விளிம்புல சிவப்பு டேப் ஒட்டுங்க, அந்த சிவப்பைத் தேடிப் பிடிச்சுட்டு சாப்பிட ஆரம்பிங்கன்னு சொல்லிப் பழக்குங்க. தண்ணி, கூப்பிடுற மணி மட்டும் இப்போதைக்கு வலது பக்கமே இருக்கட்டும். ஒரு மாசம் கழிச்சு அதே அளவு கோடு திரும்பக் குடுத்துட்டு இங்க வந்து சொல்லுங்க.