ஸ்பைனா பைபிடா குழந்தைக்கு இப்போது என்ன வைத்தியம்?

பல்லடத்துக்காரன்:
தங்கச்சி குழந்தைக்கு ஸ்பைனா பைபிடா, அதாவது முதுகெலும்பு சரியாக மூடாமலே பிறக்கும் குறை. பிறக்கும்போதே நடுமுதுகில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. கோயமுத்தூரில் மறுநாளே ஆபரேஷன் செய்து மூடிவிட்டார்கள், புண்ணும் ஆறிவிட்டது. இப்போது தலையில் நீர் சேர்கிறது, அதை வடிக்க உள்ளே ஒரு குழாய், ஷன்ட், வைக்கணும் என்கிறார்கள், டியூப் விட்டு மூத்திரம் எடுக்கவும் பழகச் சொல்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களோ "பச்சைக் குழந்தையை எதுக்குங்க இத்தனை பாடுபடுத்தறது" என்கிறார்கள். முன்னெல்லாம் டாக்டர்களே விட்டுவிடுவார்களாமே, நிஜமா?

ஈரோடு நர்ஸ்:
நிஜம்தாங்க. 1971இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் லார்பர் என்ற டாக்டர், பிறந்தபோதே கால் முழுக்க விழுந்துபோன, தலை ரொம்பப் பெருத்த, முதுகு வளைந்த குழந்தைகளுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று எழுதினார். பல ஊர்களில் அதையே பிடித்துக்கொண்டார்கள். இன்று அப்படி யாரும் கழித்துக்கட்டுவதில்லை. ஷன்ட்டுக்கான வால்வை 1956இல் அமெரிக்காவில் செய்தவரே இதே குறையோடு பிறந்த பையனின் அப்பாதான், ஜான் ஹோல்ட்டர் என்ற மெஷினிஸ்ட், நம்ம பட்டறைக்காரர்களுக்குப் புரியும். ஷன்ட் வைத்த பிறகு வாந்தி, விடாத தூக்கம், உச்சிக்குழி புடைப்பு, கண் கீழேயே சொருகி நிற்பது, இதில் எது தெரிந்தாலும் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அடைத்திருக்கலாம்.

பொள்ளாச்சி அம்மா:
தம்பி, டியூப் விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீங்க. என் மகளுக்கும் இதேதான், இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், பாத்ரூமில் அவளே செய்துகொள்கிறாள். நரம்பு சரியில்லாததால் மூத்திரப்பை முழுசாகக் காலியாகாது, தேங்கினால் கிட்னிக்கே திரும்பி ஏறும், அந்தக் காலத்தில் இந்தக் குழந்தைகளில் பலரின் உயிரை வாங்கியது கிட்னிக் கோளாறுதான். 1972இல் லாப்பிடஸ் என்ற டாக்டர், கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், வீட்டிலேயே எடுக்கலாம் என்று காட்டியதிலிருந்துதான் நிலைமை மாறியது. டியூப், கையுறை எதுவும் ரப்பர் லேடெக்ஸில் வேண்டாம், பலூனும் கூடாது, இவர்களுக்கு அலர்ஜி சீக்கிரம் வரும்.

கோபி வாசகர்:
வயிற்றுக்குள் இருக்கும்போதே, 26 வாரத்துக்குள் மூடும் ஆபரேஷனும் உண்டு. 2011இல் வந்த அமெரிக்க ஆய்வில் ஷன்ட் தேவைப்பட்டது 82 சதவீதத்திலிருந்து 40ஆகக் குறைந்தது, ஆனால் குறைமாதப் பிரசவம் கூடியது. உங்கள் தங்கச்சி அடுத்த குழந்தைக்குத் திட்டமிட்டால் கரு தரிக்கும் முன்பிருந்தே போலிக் ஆசிட் அதிக டோஸில் வேண்டும், டாக்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். 1991 ஆய்வில் 4 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது.

பல்லடத்துக்காரன்:
ரொம்ப நன்றிங்க. ஷன்ட்டுக்குச் சரி சொல்லிவிட்டோம். பொள்ளாச்சி அக்கா, பச்சைக் குழந்தைக்கு எந்த சைஸ் டியூப், எத்தனை மணிக்கொரு தரம்?

பொள்ளாச்சி அம்மா:
சைஸை யூராலஜி டாக்டர் எழுதித் தரட்டும் தம்பி. எங்களுக்கு மூன்று நாலு மணிக்கொரு தரம். தங்கச்சியோடு நீங்களும் பழகிக்கோங்க, ஒருத்தியாகவே செய்தால் களைத்துப்போவாள்.