கொரோனா போயும் உடம்பு தேறாதவங்களுக்கு ஓபி தொடங்குன கதை, உங்க அனுபவமும் சொல்லுங்க

அம்பை பிசியோ:
2021 மே அலை ஓஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு, நான் வேலை பாக்குற ஆஸ்பத்திரில வாரம் ஒருநா போஸ்ட் கோவிட் ஓபி ஆரம்பிச்சோம். ஆரம்பிச்சோம்னா போர்டு மாட்டுனோம், அவ்வளவுதான். வந்தவங்க கீழ சீட்டு போட்டு, பின்கட்டுல ஈசிஜி எடுத்து, எக்ஸ்ரேக்கு மாடி ஏறி, திரும்ப டாக்டர் ரூமுக்குன்னு அலைஞ்சாவ. களக்காட்டுப் பக்கம் வாழை போடுத அண்ணாச்சி ஒருத்தரு நாலாவது படிலயே உக்காந்துட்டு, "ஏ தம்பி, நெஞ்சு படபடன்னு அடிக்கி, பாக்கணும்னா இங்கனயே பாருவே"ன்னாரு. சிரிப்பும் வந்துச்சு, வெக்கமாவும் இருந்துச்சு.

அடுத்த வாரமே எல்லாத்தையும் கீழ கொண்டாந்துட்டோம். வராண்டாவ டேப்பு வச்சு 30 மீட்டர் அளந்து, ரெண்டு முனையிலயும் சேர் போட்டு, விரல்ல ஆக்சிமீட்டர மாட்டி 6 நிமிஷம் நடக்க விட்டோம், உக்காந்திருக்கப்போ 98 காட்டுனவங்க சில பேருக்கு நடக்க நடக்க எறங்குச்சு, அவங்கள நெஞ்சு சிடி எடுக்க அனுப்புனோம். அந்த அண்ணாச்சிக்கு ஆக்சிஜன் எறங்கவே இல்ல. ஆனா படுக்க வச்சு நாடி பாத்துட்டு 10 நிமிஷம் நிக்க வச்சா, நாடி நிமிஷத்துக்கு 30 துடிப்புக்கு மேல கூடிட்டு. அதுவரைக்கும் போன எடத்துலல்லாம் படுக்க வச்சுப் பாத்துட்டு "ஒண்ணும் இல்ல"ன்னு அனுப்பிருக்காவ!

இன்னொரு விஷயம். 2020 செப்டம்பர்ல மத்திய சுகாதார அமைச்சகம் போட்ட வழிமுறைல யோகா, மூச்சுப்பயிற்சி, நடைன்னு இருந்துச்சு, நானும் எல்லாரையும் நட நடன்னு வெரட்டுனேன். சில பேரு இன்னைக்கு நடந்தா நாளைக்கழிச்சு எந்திரிக்க முடியாம கெடந்தாவ. தப்பு என் பேருலதான். அவங்களுக்கு ஓய்வு, கொஞ்சம் வேலை, திரும்ப ஓய்வு, அப்படித்தான் போகணும்.

முக்கூடல்காரி:
அண்ணா, இது எங்க மதினி கதை மாதிரியே இருக்கு. பீடி சுத்துறாவ. ஒரு கட்டுக்கு 25, எண்ணவே வேண்டாம், கைக்கே தெரியும்பாவ. கொரோனாவுக்கு அப்புறம் பதினெட்டுலயே மறந்து பிரிச்சு பிரிச்சு எண்ணிக்கிட்டு இருந்தாவ, வீட்டுல எல்லாரும் சோம்பேறித்தனம்னு பேசினோம் (நானுந்தான்). டாக்டர் நடுவுல நடுவுல படுங்கன்னாரு. ஆயிரம் பீடிக்குத்தான கூலி, படுத்துக் கெடந்தா யாரு சுத்துவான்னு கேட்டுட்டு வந்துட்டாவ. அப்புறம் அத்தை இலை வெட்டிக் குடுத்து, மதினி அரைமணி சுத்தி அரைமணி சாஞ்சு, இப்படியே ஒரு வருஷம் ஓட்டுனோம்.

கல்லிடை:
எனக்கு மூக்குதான். காபி கரிஞ்ச ரப்பர் மாதிரி நாறும். எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ் நாலையும் காலைலயும் ராத்திரியும் மோந்து பாக்கச் சொன்னாங்க, மாசக்கணக்கா பண்ணேன், முக்கால்வாசி திரும்பிட்டு. பிசியோ சார், அந்த ஓபி இன்னும் நடக்கா? சித்தப்பாவுக்கு மாடி ஏறுனா இப்பவும் இளைக்கி.

அம்பை பிசியோ:
தனி ஓபி இல்ல சார், ஆள் வரத்து கொறஞ்சிட்டுன்னு போர்ட கழட்டிட்டாவ. வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க, பழைய சீட்டு, ஸ்கேன் எல்லாம் கைல இருக்கட்டும். இளைப்புக்கு கொரோனா மட்டுந்தான் காரணம்னு நெனச்சிர வேண்டாம், ரத்தசோகை, தைராய்டு, இருதயம் மூணும் டாக்டர் மொதல்ல பாத்துரட்டும். என் ரூம் கீழதான், படி கெடையாது.